மூச்சுக்கும் உண்டு சட்டம்

"டெல்லி மாதிரியா? நமக்குத்தான் கடற்காற்று இருக்கே" என்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் சொல்லிக்கொள்கிறோம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சென்னை உட்பட 10 நகரங்களின் 2008 முதல் 2019 வரையிலான இறப்புப் பதிவுகளை அலசிய ஆய்வு 2024-இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வந்தது. பிஎம் 2.5 நுண்தூசி ஏற ஏற அன்றாடச் சாவும் ஏறுகிறது; ஒரு நாளைக்கு நம் நாடு அனுமதிக்கும் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குக் கீழேகூட ஏறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ 15தான். ஆகவே, "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

பருந்தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். நுண்தூசி நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடும். லாரிப் புகை, கட்டுமானப் புழுதி, தெருவோரம் எரியும் குப்பை எல்லாமே அதன் ஊற்றுகள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் காசநோய்ச் சளிப் பரிசோதனை. அதில் ஒன்றுமில்லையென்றால் நுரையீரலின் ஊதுதிறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைக் கேளுங்கள்.

அதிகம் பாதிக்கப்படுபவர்கள் தொழிற்பேட்டைக்குள் இருப்பவர்கள்தான். வார்ப்படப் பட்டறையிலும் கிரைண்டிங்கிலும் நிற்கும் தொழிலாளி, மருத்துவரிடம் தன் வேலை என்ன, எத்தனை வருடம் என்று கட்டாயம் சொல்ல வேண்டும். மணல்தூசியால் வரும் சிலிகோசிஸும், வேலையிடப் பொருள்களால் வரும் ஆஸ்துமாவும் ஈ.எஸ்.ஐ.யின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளன. நிரூபணமானால் அது வேலையில் பட்ட காயத்துக்குச் சமம். ஊனப் பலனும் கேட்கலாம். கான்ட்ராக்ட் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

குடியிருப்போருக்கும் வழி உண்டு. மாசற்ற காற்று வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. புகை வந்த தேதி, நேரம், படம் எல்லாவற்றையும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்புகார் நிற்காது. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அந்த ஆலையின் இசைவாணை நகலையும் ஆய்வறிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். குப்பை எரிப்பு என்றால் அம்பத்தூர்க்காரர்கள் சென்னை மாநகராட்சியின் 1913-ஐ அழைக்கலாம். ஆவடிக்கு அதன் மாநகராட்சி, பூந்தமல்லிக்கு அதன் நகராட்சி.

வாரியம் அசையவில்லையென்றால் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயம். பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். இழப்பீடு கோர 5 ஆண்டு. வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருந்தே அந்த 6 மாதத்தைத் தொலைத்துவிடாதீர்கள். முதல் புகாரை இன்றே எழுதுங்கள்.