வயர்லெஸ் ஹெட்போன்: சார்ஜ் போடுவதிலும் ஒரு கணக்கு உண்டு

"வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. முதலில் 5 மணி நேரம் பாடிய இயர்பட்ஸ் இப்போது 2 மணி நேரத்திலேயே 'பேட்டரி லோ' என்று சொல்லி அணைந்துவிடுகிறது. தினமும் ஒழுங்காகத்தான் சார்ஜ் போடுகிறேன். எங்கே கோளாறு?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி மாற்றிக் கேட்கும் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. மொபைல் போன் என்றால் கடையில் கொடுத்துப் புது பேட்டரி போட்டுக்கொள்ளலாம். இயர்பட்ஸில் பேட்டரியை உள்ளே வைத்துப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான கடைகளில் "புதுசு வாங்கிக்குங்க சார்" என்ற பதில்தான் கிடைக்கும். ஆக, 2,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுள் அதனுள் இருக்கும் பட்டாணி அளவு பேட்டரியின் ஆயுள்தான். அதை எப்படி நீட்டிப்பது என்று இங்கு பார்க்கலாம்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையை ஓரம் கட்டிவிடுவோம். "புதிதாக வாங்கியதும் 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், முழுவதும் தீர்ந்த பிறகுதான் அடுத்த சார்ஜ் போட வேண்டும்" என்று இன்றும் சில கடைகளில் சொல்கிறார்கள். இது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டால், அந்த பேட்டரி பாதி அளவையே தன் முழு அளவாகப் பழகிக்கொள்ளும். இதை 'மெமரி எஃபெக்ட்' என்பார்கள். இன்றைய ஹெட்போன்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த இந்த வகைக்கு அடித்தளம் போட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதை முழுக்கத் தீர்த்துவிட்டு சார்ஜ் போட வேண்டிய அவசியம் இல்லை. அப்படிச் செய்வது இதற்குக் கெடுதலும் கூட.

ஒரு சைக்கிள் என்பது என்ன?

பேட்டரியின் ஆயுளை 'சார்ஜ் சைக்கிள்' என்ற கணக்கில் சொல்வார்கள். 100 சதவீதம் செலவழித்தால் ஒரு சைக்கிள். இன்று 50, நாளை 50 என்று செலவழித்தாலும் சேர்த்து ஒரே ஒரு சைக்கிள்தான். எத்தனை முறை செருகினோம் என்பது கணக்கில் வராது. முழுமையாக ஏற்றி இறக்கினால் சாதாரண லித்தியம் பேட்டரி 300 முதல் 500 சைக்கிள் வரை நன்றாக உழைக்கும். பிறகு அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறையத் தொடங்கும்.

இப்போது கடிதம் எழுதியவரின் கணக்கைப் போடுவோம். அவருடைய இயர்பட்ஸ் ஒரு சார்ஜில் 5 மணி நேரம் ஓடும். அலுவலக மீட்டிங், பாட்டு எல்லாம் சேர்த்து தினமும் 5 மணி நேரம் பயன்படுத்துகிறார். நாளுக்கு ஒரு சைக்கிள். 500 நாளில் அதாவது சுமார் 16 மாதத்தில் பேட்டரி தன் கணக்கை முடித்துக்கொண்டது. அவர் சார்ஜ் போடும் விதத்தில் பெரிய குறை இல்லை. பேட்டரி அவ்வளவு சிறியது. மொபைலில் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி சாதாரணம். ஒரு இயர்பட்டில் இருப்பது பெரும்பாலும் 40 முதல் 60 எம்.ஏ.எச். மட்டுமே.

இதே கணக்கைக் காதை மூடும் பெரிய ஹெட்போனுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சார்ஜில் 30 மணி நேரம் ஓடும் ஹெட்போனைத் தினமும் 3 மணி நேரம் பயன்படுத்தினால் 10 நாளுக்கு ஒரு சைக்கிள். வருடத்துக்கு 36. இந்த வேகத்தில் 300 சைக்கிளைத் தொடவே 8 வருடத்துக்கு மேல் ஆகும். அப்படியிருந்தும் மூன்று வருடத்தில் பேட்டரி போய்விட்டது என்று பலர் சொல்கிறார்களே, ஏன்? பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் லித்தியம் பேட்டரிக்கு வயதாகிக்கொண்டே இருக்கும். அதைக் கடைசியில் எந்த நிலையில் வைத்தோம் என்பதைப் பொறுத்து அந்த வயது வேகமாகவோ மெதுவாகவோ ஏறும்.

ஆகவே உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். இயர்பட்ஸ் என்றால் சைக்கிளை மிச்சப்படுத்த வேண்டும். பெரிய ஹெட்போன் என்றால் சும்மா கிடக்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கவனித்தால் போதும்.

இரவு முழுவதும் சார்ஜ் போடலாமா?

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். ஹெட்போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் முதலில் ஒரே சீரான மின்னோட்டத்தை அனுப்பும். பேட்டரி 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த வோல்ட்டை நிறுத்தி வைத்து, மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் துண்டித்துவிடும். எனவே இரவு முழுவதும் செருகி வைத்தாலும் மின்சாரம் நிரம்பி வழியப்போவதில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. 4.2 வோல்ட் என்பது இந்த பேட்டரிக்கு இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. அந்த நிலையில் உள்ளே தேவையற்ற வேதிவினைகள் வேகமாக நடக்கும். 4.2க்குப் பதில் 4.1 வோல்ட்டோடு நிறுத்தினால் கிடைக்கும் சைக்கிள் ஏறக்குறைய இருமடங்கு என்பது பேட்டரித் துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. மொபைலுக்கு "80 சதவீதத்தோடு எடுத்துவிடுங்கள்" என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே.

பெரிய ஹெட்போனில் இதைச் செய்வது எளிது. நான் என் ஹெட்போனைச் சாப்பிட உட்காரும்போது செருகி, எழுந்ததும் எடுத்துவிடுகிறேன். 80 ஏறியதா 75 ஏறியதா என்று பார்ப்பதில்லை. 30 மணி நேரம் ஓடும் பொருளுக்கு முக்கால் பங்கு சார்ஜே ஒரு வாரத்துக்கு வரும். வெளியூர்ப் பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் முழுக்க ஏற்றுவேன். அப்படி ஏற்றுவதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இயர்பட்ஸில் இது நம் கையில் இல்லை. கேஸுக்குள் வைத்த உடனே அது 100 வரை ஏற்றிவிடும். கேஸில் வைக்காமல் மேசையில் போட்டால் தொலைந்துபோகும்! இதற்காகச் சில நிறுவனங்கள் மென்பொருள் வழியே வசதி கொடுத்திருக்கின்றன. ஏர்பாட்ஸ் மாடல்கள் சிலவற்றில் உங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு 80 சதவீதத்தில் காத்திருக்கும் 'ஆப்டிமைஸ்டு சார்ஜிங்' உண்டு. சோனியின் சில மாடல்களுக்கான ஆப்பில் 'பேட்டரி கேர்' என்ற தேர்வு இருக்கும். உங்கள் இயர்பட்ஸுக்கு உரிய ஆப்பை இன்னும் இன்ஸ்டால் செய்யவில்லை என்றால், செய்து செட்டிங்ஸ் பகுதியில் தேடிப் பாருங்கள். இருந்தால் ஆன் செய்துவிடுங்கள்.

அந்த வசதி இல்லாதவர்கள் சைக்கிளைக் குறைக்கலாம். போனில் பேசும்போது ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு மற்றதைக் கேஸில் வையுங்கள். காலையில் இடது, மாலையில் வலது என்று மாற்றினால் பேச்சுக்கான செலவு இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். எப்போதும் ஒரே பக்கத்தை மாட்டிப் பேசுபவர்களுக்கு அந்தப் பக்கம் சீக்கிரம் சோர்ந்துவிடும். "ஒரு காது மட்டும் முதலில் அணைகிறது" என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். வெளிச்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதியும் பேட்டரியைத் தின்னும். பேருந்தில் அது தேவை. அமைதியான அறையில் எதற்கு?

வெயில்தான் பெரிய வில்லன்

சார்ஜ் அளவைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம் சூட்டைப் பற்றி நினைப்பதே இல்லை. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் 'பேட்டரி யுனிவர்சிட்டி' தளத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. லித்தியம் பேட்டரியை ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்ற கணக்கு அது. 25 டிகிரி செல்சியஸில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும். அதே சூட்டில் முழு சார்ஜோடு வைத்தால் 80. 40 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 85. அதே 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் வெறும் 65.

கடைசி எண்ணை மறுபடி படியுங்கள். ஒரு பாட்டுக்கூடக் கேட்காமலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. 40 டிகிரி என்பது ஆய்வுக்கூடத்துக்கு அதிகம். வேலூருக்கும் திருச்சிக்கும் மே மாதத்தில் அது சாதாரணம். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெளியில் உள்ளதைவிடச் சூடு பல டிகிரி ஏறும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்கும் இடமும் அப்படித்தான், மேலே வெயில், பக்கத்தில் என்ஜின். முழுக்க சார்ஜ் ஏறிய இயர்பட்ஸை அங்கே போட்டுவிட்டு அலுவலகம் போகிறவர்கள் இனிமேல் அதைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலும் டி.வி.யின் மேல், செட்டாப் பாக்ஸின் மேல், ஜன்னல் ஓரம் வைத்து சார்ஜ் போடாதீர்கள். வயர்லெஸ் சார்ஜிங் பேட் இருந்தாலும், கோடையில் கேபிளே மேல். பேடில் மின்சாரத்தின் ஒரு பகுதி சூடாகத்தான் வீணாகிறது.

காலியாகப் போட்டு வைக்காதீர்கள்

முழு சார்ஜ் கெடுதல் என்றால், முற்றிலும் காலியாக மாதக்கணக்கில் விடுவது அதைவிடக் கெடுதல். ஹெட்போன் தானாக அணைந்த பிறகும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சமும் நாளாக நாளாகக் கசிந்து குறையும். வோல்ட் மிகவும் இறங்கினால் பேட்டரிக்குள் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கி, பிறகு சார்ஜ் போடும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் அபாயம் வரும். பரீட்சை முடியும்வரை பிள்ளைகளின் ஹெட்போனை வாங்கி பீரோவில் வைக்கும் பெற்றோர்கள் பாதி சார்ஜோடு வாங்கி வைக்கவும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக் கொஞ்சம் ஏற்றவும். இயர்பட்ஸ் என்றால் கேஸிலும் சார்ஜ் இருக்க வேண்டும். சில மாடல்களில் கேஸ் செத்துப்போனால், தான் கேஸுக்குள் இருப்பது இயர்பட்ஸுக்குத் தெரியாமல் ஆன் ஆகித் தீர்ந்துவிடும்.

வெகுநாள் கழித்து எடுத்த ஹெட்போன் செருகியும் விளக்கு எரியவில்லையா? உடனே குப்பை என்று முடிவு கட்ட வேண்டாம். மிகவும் இறங்கிய பேட்டரிக்கு சார்ஜிங் சிப் முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தை மட்டும் விட்டுப் பார்க்கும். அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். அதற்குள் விளக்கு எரிந்தால் பிழைத்தது. உப்பியிருந்தாலோ, அளவுக்கு மீறிச் சுட்டாலோ உடனே பிடுங்கிவிடுங்கள். பிறகு அதை சார்ஜ் போடவே கூடாது. உப்பியதை ஊசியால் குத்திப் பார்ப்பதும் வேண்டாம்.

"என் 65 வாட் போன் சார்ஜரில் இயர்பட்ஸைப் போட்டால் கருகிவிடுமா?" என்றும் கேட்கிறார்கள். கருகாது. சரியான சார்ஜர், கேட்காதவரை 5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காது. இயர்பட்ஸ் கேஸும் தனக்கு வேண்டிய அளவு மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நான் பயப்படுவது பிளாட்பாரத்தில் 100 ரூபாய்க்கு விற்கும் பெயரில்லாத சார்ஜருக்குத்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. சில மலிவு ஹெட்போன்கள் இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஆகாது. அதில் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைத் தயாரித்தவர்கள் சிக்கனம் கருதி விட்டிருப்பார்கள். பழைய அகலமான யூ.எஸ்.பி. முனை உள்ள அடாப்டரில் போட்டுப் பாருங்கள், ஏறும்.

ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் கேஸின் குழியில் உள்ள பொன்னிறப் பின்களைப் பாருங்கள். வியர்வையும் காதுக் குறும்பியும் படிந்து கறுத்திருக்கும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உடற்பயிற்சி முடித்த ஈரத்தோடு அப்படியே கேஸில் போட்டு மூடுவதுதான் இந்த அரிப்புக்குக் காரணம். துடைத்து, பத்து நிமிடம் காற்றில் வைத்த பிறகு உள்ளே வையுங்கள்.

பேட்டரியை நாமே மாற்றும் காலம் மெல்ல வருகிறது. ஃபேர்போன் நிறுவனம் 2024இல் பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய இயர்பட்ஸை ஐரோப்பாவில் வெளியிட்டது. சில விதிவிலக்குகள் தவிர, சாதனங்களின் பேட்டரியைப் பயனரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பகுதிக்கு 2027 பிப்ரவரி 18 என்று தேதி குறித்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. எனவே செத்துப்போன இயர்பட்ஸை மக்கும் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிடாமல், வாங்கிய நிறுவனத்தின் சேவை மையத்திலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது.