பனிக்காலத்தில் வண்ண மீன்களைக் காப்பது எப்படி?

 

ஆடு, கோழி போல இன்று பல வீடுகளில் வண்ண மீனும் வளர்க்கிறார்கள். சென்னை கொளத்தூரில் பல குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. கிராமத்திலும் திண்ணையில் ஒரு கண்ணாடித் தொட்டி, கொல்லையில் இரண்டு சிமெண்ட் தொட்டி என்று கப்பி, மோலி, ஏஞ்சல் மீன்களை விட்டு வைத்திருக்கிறீர்கள். ஐப்பசி வரைக்கும் கவலையில்லை. மார்கழி பிறந்ததும், "ராத்திரி நல்லா நீந்திக்கிட்டு இருந்த மீனு, விடிஞ்சு பார்த்தா மிதக்குதுங்க" என்று வந்து நிற்பார்கள்.

மீனுக்கு நம்மைப் போல நிலையான உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் என்ன சூடோ, அதன் உடம்பும் அந்தச் சூடுதான். மேலே சொன்ன மீன்களெல்லாம் வெப்ப நாட்டு மீன்கள். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு இருந்தால் சுறுசுறுப்பாகத் திரியும். 20-க்குக் கீழே போனால் இரை எடுக்காது, நோயை எதிர்க்கும் சக்தியும் குறைந்துபோகும். தங்கமீனும் கெண்டையும் குளிரைத் தாங்கும். அவற்றைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிதானமாக வரும் குளிரை மீன் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பகலில் 28, விடியற்காலையில் 19 என்று தினம் தினம் ஏறி இறங்கினால் பொறுக்காது. தண்ணீர் குறைவாக, மேலே திறந்து கிடக்கும் சிமெண்ட் தொட்டியில் நடப்பது இதுதான். கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். ஆகவே பனிக்காலத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் வையுங்கள். பொழுது சாய்ந்ததும் தென்னங்கீற்றுத் தட்டியால் மூடி, காற்றுக்கு ஒரு ஓரம் திறந்து விடுங்கள். வெயில் ஏறியதும் எடுத்துவிடலாம்.

மார்கழி விடியலில் பம்புசெட்டில் குளித்தவர்களுக்குத் தெரியும், ஆழ்கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். காசில்லாத வெந்நீர் அது! ஆனால் அதில் பிராண வாயு குறைவு. ஆகையால் ஓட்டை போட்ட குழாய் வழியாக, மழை பெய்கிற மாதிரி உயரத்திலிருந்து விழச் செய்யுங்கள். ஒரே தடவையில் கால் தொட்டிக்கு மேல் மாற்ற வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு ஹீட்டர் போடலாம். லிட்டருக்கு ஒரு வாட் என்பது கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதற்கு 50 வாட் போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் 100 வாட் வேண்டியிருக்கும். 50 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓயாமல் எரிந்தாலும் அரை யூனிட்தான். சூடு ஏறியதும் தானே நின்றுவிடும் வகையாகப் பார்த்து வாங்கி, 26-இல் வையுங்கள். ஹீட்டரை நம்பி இருந்துவிடாமல் வெப்பமானி ஒன்றும் தொட்டியில் இருக்கட்டும். கையை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சிலர் வாளியில் வெந்நீர் போடும் கம்பியையே தொட்டியில் விடப் பார்க்கிறார்கள். மீனும் வெந்துபோகும், ஆளுக்கும் ஆபத்து. வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போனால்? தொட்டியைச் சுற்றிச் சாக்கையோ பழைய கம்பளியையோ போர்த்துங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, மிதக்க விடுங்கள். வெந்நீரை நேராக ஊற்றக் கூடாது. அன்று இரை போட வேண்டாம். தின்னாத இரை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

குளிரில் வருகிற பெரிய வில்லன் வெண்புள்ளி நோய். உடம்பில் ரவை தூவியது போலப் புள்ளி இருக்கும். மீன் கல்லிலும் மண்ணிலும் உரசும். இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. அது வெளியே வந்து தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். வெப்பம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தன் சுற்றை முடித்து வெளியே வந்துவிடும். குளிரில் பல வாரம் இழுக்கும். ஆகவே நாளுக்கு 2 டிகிரிக்கு மேல் போகாமல், தண்ணீரை 28, 29 வரை ஏற்றுங்கள். லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு, அதாவது 50 லிட்டருக்கு 100 கிராம். தனியே கரைத்து, மூன்று தவணையாக ஊற்றுங்கள். சூடான தண்ணீரில் பிராண வாயு குறையும் என்பதால் காற்று மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு வாரம் அப்படியே வையுங்கள். ஆவியாகிப் போனதற்கு ஈடாகச் சாதாத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும், உப்பு எங்கேயும் போய்விடாது.