உங்களுக்குத் தெரியுமா? கடலில்லாச் சேலத்திலிருந்தும் கடலாய்வுக்கு வழியுண்டு

ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படுமா என்பது, இந்தியப் பெருங்கடலில் ஈரம் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றையே பெரிதும் சார்ந்திருப்பதால், கடற்கரையில்லாத சேலம், நாமக்கல் சமவெளிக்கும் கடலறிவு மிக நெருங்கிய ஒன்றே. சுமார் 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, வழிநெடுகக் கடல்நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும் தானியங்கி மிதவைகளான ஆர்கோக்களின் தரவுகளைக் கையாளும் ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம், யுனெஸ்கோவின் ஒத்துழைப்புடன் இளம் ஆய்வாளர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் முதுகலை பயின்றவரும், சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் வளிமண்டலம், கடல் ஆகியவற்றை உள்ளடக்கிய புவி அறிவியல் பிரிவில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால், முதல் 2 ஆண்டுகள் மாதம் ரூ.37,000 உதவித்தொகையுடன் முனைவர் பட்ட ஆய்வைத் தொடரலாம். மதிப்பீட்டுக்குப் பின் அத்தொகை ரூ.42,000 ஆக உயரும்.