மீன் பாடுவது எந்த அணி?

மட்டக்களப்பு வாவியில் நிலாக்கால இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே நீரினடியிலிருந்து ஓர் ஒலி எழும். 'மீன் பாடுகிறது' என்பர் நம் ஊரார். (மீனன்று, ஊரியே என்பாரும் உளர், அவ்வழக்கை நாம் இங்குத் தீர்க்கப்போவதில்லை.) 'இது தற்குறிப்பேற்ற அணிதானே?' என மாணவர் நம்மை வினவுவதுண்டு.

அன்று. குயிலின் கூவலைப் பாட்டென்பது போன்ற உலக வழக்கே அது. இயல்பாய் நிகழ்வதன்மீது புலவன் தன் குறிப்பை ஏற்றிக் கூறுவதே தற்குறிப்பேற்றம். 'தனித்த நிலவின் துயராற்றவே மீன்கள் பாடுகின்றன' என்று சொல்லிப் பாருங்கள்; அணி வந்துவிடும்.

உவமையும் உருவகமும் இன்னும் நுட்பமானவை. 'கண்ணாடி வாவி' என்றால் கண்ணாடி போன்ற வாவி, உவமை. 'வாவிக் கண்ணாடி' என்றால் வாவியே கண்ணாடி, உருவகம். சொற்கள் இடம் மாறின, அணியும் மாறிற்று!

தண்டியலங்காரம் கூறும் பொருளணிகள் 35. அவற்றின் பெயர்களை மட்டும் மனனஞ் செய்து, ஏற்றிய குறிப்பு யாதெனக் காட்டாது விடுவோர் பரீட்சையில் புள்ளியை இழப்பர்; பாட்டின் சுவையையும் இழப்பர்.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலில், இவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கண்டார். அப்பகுதியை இன்று வீட்டில் உரக்கப் படித்து, அணி யாதெனப் பிள்ளைகளைக் கேளுங்கள்.