மணமில்லாத நஞ்சும் இங்கிலாந்தின் சட்டங்களும்

கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. எரிவாயு, விறகு, கரி என எந்த எரிபொருளானாலும் போதிய காற்றின்றி எரிந்தால் அது உருவாகிவிடும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் அது பற்றிக்கொள்வதால், மூளையும் இதயமும் ஆக்சிஜன் இன்றித் தவிக்கின்றன. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஃப்ளூ போலவே தொடங்கும். உடல் மட்டும் சுடாது. உறங்குபவருக்கு இந்த அறிகுறிகள்கூடத் தெரியாது. குடியிருப்பவரின் கவனத்தை மட்டுமே நம்பி இந்த ஆபத்தைத் தடுக்க முடியாது.

பிரிட்டனில் 1960கள் வரை பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து தயாரித்த வாயுவே குழாய்வழி வீடுகளுக்கு வந்தது. அதிலேயே கார்பன் மோனாக்சைடு கலந்திருந்ததால் வெறும் கசிவே ஆளைக் கொன்றது. 1967 முதல் 1977 வரை, வட கடலில் கிடைத்த இயற்கை எரிவாயுவுக்கு நாடே மாறியது. ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று அடுப்புகளையும் ஹீட்டர்களையும் புது வாயுவுக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். உயிர்காக்கும் திட்டமாகத் தொடங்கியதல்ல அது. ஆனாலும் நஞ்சைக் குழாயிலிருந்தே நீக்கிய அந்த மாற்றத்துக்கு ஈடாகப் பின்னாளில் வந்த எந்த விதியையும் சொல்ல முடியாது.

எஞ்சியிருப்பது, பழுதான பாய்லராலும் அடைபட்ட புகைபோக்கியாலும் வரும் ஆபத்து. வாடகை வீடுகளின் எரிவாயுக் கருவிகளை ஆண்டுதோறும் பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு சோதித்து, சான்றின் நகலைக் குடியிருப்பவரிடம் தர வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு விதி. விறகு, நிலக்கரி எரியும் அறைகளில் எச்சரிக்கைக் கருவி பொருத்தும் கடமையை 2015 அக்டோபரில் இங்கிலாந்து தனியார் வீட்டு உரிமையாளர்கள்மீது சுமத்தியது. 2022 அக்டோபரில் அது எரிவாயு பாய்லர் உள்ள அறைகளுக்கும் சமூக வாடகை வீடுகளுக்கும் விரிந்தது. உள்ளாட்சியின் உத்தரவை மதிக்காதவருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

எரிவாயுச் சமையலடுப்புக்கு அளிக்கப்பட்ட விலக்குதான் இச்சட்டத்தின் பெரிய ஓட்டை. புகைபோக்கியே இல்லாத கருவி அது. குளிர்காலத்தில் ஹீட்டருக்குச் செலவழிக்க இயலாத ஏழைகள் அறையைச் சூடேற்ற அதையே மூட்டிவைக்கும் நிலையும் உண்டு. அவர்களை விட்டுவிட்டது நியாயமல்ல. சொந்த வீட்டில் வசிப்போருக்கும், புதிதாக பாய்லரோ விறகடுப்போ பொருத்தும்போதுதான் கட்டட விதிகள் எச்சரிக்கைக் கருவியைக் கேட்கின்றன. பழைய பாய்லரோடு காலம் தள்ளுகிறவர் கருவி வாங்குவதும், ஆயுள் முடிந்ததும் மாற்றுவதும் இன்றும் அவர் விருப்பம்தான்.