தொலைவானம் – 14: கடுக்காய் மூட்டையின் எடை

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டுக் கல்வராயன் மலையேறும் சாலை வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் காது இரண்டு முறை அடைத்துத் திறக்கும். தை மாதம் போனால் வாசலுக்கு வாசல் கடுக்காய் காய்ந்துகொண்டிருக்கும். போன தையில் அங்கே ஒரு கடை முன்னால் நின்றிருந்தேன். மூட்டையை எலக்ட்ரானிக் தராசில் ஏற்றினார்கள். சிவப்பு எண்கள் தடதடவென்று ஓடி ஐம்பது கிலோவில் நின்றன. காட்டில் காய் பொறுக்கி வந்த பாட்டி அந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அப்பல்லாம் தட்டுத் தராசு, சாமி. ஒரு பக்கம் படிக்கல்லு, ஒரு பக்கம் காயி. முள்ளு நடுவுல நின்னா நம்ம கண்ணுக்கே தெரியும். இது என்னத்த நிறுக்குதுன்னு யாருக்குத் தெரியும்?”

பாட்டியின் கேள்விதான் இந்த வாரம் நமக்கு வழிகாட்டி. இரண்டு தராசும் நிறுப்பது இரண்டு வேறு சங்கதிகளை. தட்டுத் தராசில் காயையும் பூமி இழுக்கிறது, படிக்கல்லையும் பூமியே இழுக்கிறது. இழுப்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு தட்டுக்கும் ஒரே மாதிரிதான். அதனால் அது காட்டுவது மூட்டைக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை. அதுதான் நிறை. எலக்ட்ரானிக் தராசுக்குப் படிக்கல் கிடையாது. தன் பலகையை மூட்டை எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த அழுத்தம்தான் எடை. அதில் பாதி மூட்டையின் கணக்கு, மீதி காலுக்குக் கீழே இருக்கும் உலகத்தின் கணக்கு.

இதைக் கல்வராயன் மலையிலேயே சோதிக்கலாம். கள்ளக்குறிச்சியில் சரியாக ஐம்பது கிலோ காட்டும் தராசை, அதே மூட்டையோடு எண்ணூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் பத்து கிராம் அளவுக்குக் குறையும். பூமியின் மையத்திலிருந்து அவ்வளவு தள்ளிப் போயிருக்கிறோம். நுண்ணிய தராசு அதைக் கண்டுபிடித்துவிடும்.

பத்து கிராமோடு நின்றால் இது பெரிய விஷயமில்லை. நிலவுக்கு ஏற்றிப் பார்ப்போம். அங்கே தராசு எட்டேகால் கிலோ சொல்லும். செவ்வாயில் பத்தொன்பது. வியாழனில் தராசை வைக்கத் தரையே இல்லை. மேகங்களின் உச்சியில் பிடித்தால் சுமார் 126 கிலோ. பாட்டியிடம் நிலாக் கணக்கைச் சொன்னேன். “அப்ப எட்டுக் கிலோவுக்குத்தான் காசு குடுப்பானா?” என்று பதறிப்போனார். படிக்கல் வைத்து நிறுத்தால் அங்கேயும் ஐம்பதுதான் என்றதும், “அதத்தான நான் சொன்னேன்” என்றார். இயற்பியல் வகுப்பில் எனக்கு ஒரு வருடம் புரியாமல் இருந்தது இது.

பெரிய உலகம் என்றால் இழுப்பும் பெரிது என்று நினைப்பது இயல்பு. அங்கேதான் கணக்கு திரும்புகிறது. ஓர் உலகத்தில் பொருள் கூடினால் ஈர்ப்பு கூடும், சரி. ஆனால் நாம் நிற்கும் இடம் அதன் மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால், ஈர்ப்பு நாலில் ஒன்றாகிவிடும். நிலவின் நிறை பூமியின் நிறையில் 81இல் ஒரு பங்குதான். ஆனாலும் அதன் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு இருக்கிறது. காரணம், நிலவு சிறியது. அதன் மையம் நம் காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

யுரேனஸ் இதற்கு நேர் எதிர். கல்வராயனுக்கு வடக்கே செங்கம் கணவாயைத் தாண்டினால் ஜவ்வாது மலை. அதில்தான் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடந்து சென்றபோது, ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருந்தன! விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவும் அன்று அதையே கண்டது. அந்த யுரேனஸின் நிறை பூமியைப் போல் பதினாலரை மடங்கு. ஆனால் ஆரம் நாலு மடங்கு. நாலை நாலால் பெருக்கினால் பதினாறு. பதினாலரையைப் பதினாறால் வகுத்தால் ஒன்றுகூட வராது. நம் மூட்டை அங்கே 45 கிலோதான்.

சூரியக் குடும்பத்துக்கு வெளியேயும் இதே கணக்குதான். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் 2018இல் அபு மலைத் தொலைநோக்கியின் துணையோடு, 600 ஒளியாண்டு தொலைவில் ஒரு கோளை உறுதிசெய்தார்கள். நிறை 27 பூமி, ஆரம் ஆறு பூமி. பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள்: பூமியின் ஈர்ப்பில் முக்கால் பங்கு. யாரும் போக முடியாத ஓர் இடத்தில் நம் கடுக்காய் என்ன எடை இருக்கும் என்று வெள்ளிமலைக் கடை வாசலில் உட்கார்ந்து சொல்லிவிட முடிகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் மெய்சிலிர்க்கிறது.

இந்த எடைக் கணக்கைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களும் நம் பக்கத்தில் உண்டு. சந்திரயான்-2இன் ஊர்தியை ஓட்டிப் பார்க்க நிலவு மண் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை அரைத்து அதைத் தயாரித்தார்கள். மண்ணை அரைத்துவிடலாம், நிலவின் ஈர்ப்பை எந்த ஆலையில் அரைப்பது? ஊர்தியை ஹீலியம் பலூனில் கட்டித் தூக்கிப் பிடித்தார்கள். ஆறில் ஒரு பங்கு எடை மட்டும் சக்கரத்தில் இறங்கும்படி விட்டு, அந்த நாமக்கல் மண்ணில் ஓட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பயணம் தரையிறங்கும்போது முறிந்தது. அடுத்த முறை பொறுப்பேற்ற திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அவர் வளர்ந்த நாளில் விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் ஒரே மாவட்டம்தான். 2023 ஆகஸ்ட் 23 மாலை தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் இறங்கியது. பூமியில் 26 கிலோ இருந்த பிரக்யான் ஊர்தி, பலூன் எதுவும் இல்லாமல், நாலேகால் கிலோவாகச் சரிவுப் பலகையில் உருண்டு அசல் மண்ணில் சக்கரம் பதித்தது.

(தொடரும்)