புட்டத்துக்குள் குடையும் வலி: எங்கே அமுக்கலாம், எங்கே கூடாது?

மதுரையிலிருந்து சென்னை வரை கார் ஓட்டிவிட்டு இறங்குகிறவரின் கை, இடுப்புக்கும் கீழே, புட்டத்தின் நடுவில் போய் நிற்கும். ஆழத்தில் ஏதோ குடைகிறது. தொடையின் பின்பக்கம் இழுக்கிறது. வீட்டில் ‘வாயுப் பிடிப்பு’ என்பார்கள், அலுவலகத்தில் ‘சியாட்டிகா’ என்பார்கள். எண்ணெய் தேய்த்து ஏறி மிதித்தால் போய்விடும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பேரிக்காய்த் தசை

சியாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடித்த நரம்பு. கீழ்முதுகிலிருந்து வரும் 5 நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாவது. புட்டத்துக்குள் இது பிரிஃபார்மிஸ் என்னும் தசைக்கு அடியில் நுழைந்து காலுக்கு இறங்குகிறது; சிலருக்கு நரம்பின் ஒரு கிளை அந்தத் தசையையே துளைத்துக்கொண்டு போகும். பேரிக்காய் வடிவம் என்பதால் வந்த லத்தீன் பெயர் அது. காலை வெளிப்பக்கம் திருப்புவது அதன் வேலை. மணிக்கணக்கில் உட்கார்ந்தோ, பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் அழுத்தியோ அது இறுகினால், பக்கத்து நரம்புக்கு நெருக்கடி.

ஆனால் காலில் இறங்கும் வலிக்கு, முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்குவதே பெரும்பாலும் காரணம். 1934இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் அதை எழுதிய பிறகு தசை பின்னுக்குப் போய்விட்டது. இருமினாலும் தும்மினாலும் காலில் மின்னலடித்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். புட்டத்தின் நடுவில் அமுக்கியதும் அதே வலி கிளம்பி, எழுந்து நடந்தால் தணிந்தால், தசையாக இருக்கலாம். உட்கார்ந்தால் டிஸ்க் வலியும் கூடும் என்பதால், காலைத் தூக்கிப் பார்த்து, முழங்காலைத் தட்டிப் பார்த்து மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

மசாஜ் செய்யும் முறை

முதலில் 10 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம். குப்புறப் படுக்க வைத்து, மேலே இருக்கும் பெரிய தசையை உள்ளங்கையால் அகலமாகத் தேய்த்துத் தளர்த்த வேண்டும். அதன் பிறகே கட்டைவிரலோ முழங்கையோ மெல்ல ஆழத்துக்கு இறங்கலாம். ஓரிடத்தில் அரை நிமிடம் நிறுத்தினால் போதும். ‘அங்கேதான், அங்கேதான்’ என்று சொல்ல வைக்கும் வலி பரவாயில்லை. பாதம் வரை சுரீரென்று ஓடினாலோ மரத்தாலோ, விரல் நரம்பின் மேல் இருக்கிறது. உடனே விலக வேண்டும். தனியாகச் செய்பவர்கள் டென்னிஸ் பந்தைச் சுவரில் வைத்துச் சாய்ந்துகொள்ளலாம். தரையில் போட்டு மேலே உட்கார்ந்தால் முழு எடையும் இறங்கிவிடும்.

‘டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டேன்’ என்று சொல்பவரிடம் காசை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அத்தனை ஆழத்துக்கு எந்தக் கையும் போகாது. மசாஜ் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தும். அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்ய வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் தந்த வழிகாட்டுதலும், உடற்பயிற்சியோடு சேர்ந்தால்தான் மசாஜ் என்கிறது. மல்லாந்து படுத்து, வலிக்கும் பக்கத்துக் கணுக்காலை மறு முழங்கால் மேல் போட்டு, மறு தொடையை நெஞ்சுக்கு இழுத்து 20 விநாடி. மூன்று முறை.

தொடவே கூடாதவர்கள்

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுடுகிறதென்றால் இரத்தக் கட்டி இருக்கலாம். அதைத் தேய்க்கக் கூடாது. இரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ஆழமான மசாஜுக்குப் போக வேண்டாம். சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களுக்கு ஒத்தடத்தின் சூடே தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும்.

சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்தாலோ, இரு கால்களும் பலமிழந்தாலோ, நடக்கும்போது பாதம் தூக்க முடியாமல் செருப்பு தானாகக் கழன்றாலோ, எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.